80.33ஆ, 80.09ஆ? ப்ராஜெக்ட்டுக்குத் தகவல் தேடுவது பற்றி

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு எவ்வளவு என்று கூகுளில் தேடிப் பாருங்கள். சில பக்கங்கள் 80.33 சதவீதம் என்னும். சில பக்கங்கள் 80.09 என்னும். இரண்டுக்குக் கீழும் ‘ஆதாரம்: சென்சஸ் 2011’ என்றே போட்டிருக்கும். மாநில மக்கள்தொகையிலும் இதே கதை: ஓரிடத்தில் 7,21,38,958, இன்னோரிடத்தில் 7,21,47,030.

இங்கே யாரும் பொய் சொல்லவில்லை. முதல் எண்கள் 2011இல் அவசரமாக வெளியிட்ட தற்காலிக முடிவுகள். அடுத்தவை படிவங்களைச் சரிபார்த்து 2013இல் வெளியிட்ட இறுதி முடிவுகள். ப்ராஜெக்ட்டில் இடம்பெற வேண்டியது இறுதி எண். இன்னொன்றும் உண்டு. சென்சஸ் எழுத்தறிவு 7 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை வைத்துக் கணக்கிட்டது. தேசியக் குடும்பநல ஆய்வு தரும் பெண்கள் எழுத்தறிவு 15 முதல் 49 வயது வரைக்கானது. இரண்டையும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்து வைத்து ‘வளர்ச்சி’ என்று எழுதினால், வைவாவுக்கு வரும் வெளித்தேர்வாளர் வேறு பக்கமே புரட்ட வேண்டியதில்லை.

இப்படி இரண்டு எண் கண்ணில் படும்போது பெரும்பாலான மாணவர்கள் ஓட்டு எண்ணுகிறார்கள். ஐந்து தளம் 80.33 என்கிறது, இரண்டுதான் 80.09 என்கிறது, அப்படியானால் 80.33. போட்டித் தேர்வுக் குறிப்புத் தளங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதுகிறவை. ஐந்து தளமும் சேர்ந்தாலும் ஒரே ஒரு சாட்சிதான். எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணுவதற்கு முன்னால், அந்த எண் எங்கே பிறந்தது என்று கேட்க வேண்டும். தகவல் கிடைக்காமல் கெட்டுப்போன ப்ராஜெக்ட் குறைவு. கிடைத்த தகவலின் பிறப்பிடம் தெரியாமல் கெட்டவையே அதிகம்.

இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லி முடித்துவிடுவது ஆசிரியர்களுக்கு வசதி. நாலு பேப்பர், இன்டர்னல், பகுதிநேர வேலை, பேருந்தில் ஒன்றரை மணி நேரம், கையில் இருப்பது ஒரு போன். ஐந்து மதிப்பெண் அசைன்மென்ட்டுக்கு முதல் மூன்று இணைப்போடு நிறுத்திக்கொள்வது கணக்குப்படி சரியான முடிவுதான். ஹெர்பர்ட் சைமன் என்ற பொருளியலாளர் இதற்கென்றே ‘சாட்டிஸ்ஃபைசிங்’ என்றொரு சொல்லை உண்டாக்கினார்: மிகச் சிறந்ததைத் தேடாமல், ‘இது போதும்’ என்கிற இடத்தில் நிற்பது. எல்லாருமே அப்படித்தான் தேடுகிறோம். எந்த இடத்தில் ‘போதும்’ சொல்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

தலைப்பை அப்படியே அடிப்பது

ஒரு தலைப்பை எடுத்துக்கொள்வோம். ‘திருப்பூர் பின்னலாடைத் தொழிலில் பெண் தொழிலாளர்களின் சமூகப் பொருளாதார நிலை – ஓர் ஆய்வு’. சிவகாசித் தீப்பெட்டி, ஆம்பூர்த் தோல் என்று ஊரையும் தொழிலையும் மாற்றிப் போட்டால் பாதித் துறைகளின் ப்ராஜெக்ட் பட்டியல் தயாராகிவிடும். இந்த முழு வரியையும் கூகுளில் ஒட்டினால் இதே தலைப்பில் ஏற்கெனவே எழுதப்பட்ட சுமாரான கட்டுரைகள்தான் மேலே வரும். நல்ல ஆய்வாளர் யாரும் தன் கட்டுரைக்கு இப்படித் தலைப்பு வைப்பதில்லை.

தலைப்பை ஊர், தொழில், ஆள், விஷயம் என்று நான்காக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று மாற்றுச் சொல் எழுதுங்கள். திருப்பூரை ஆங்கிலத்தில் ஒரு ‘பி’ போட்டும் எழுதுகிறார்கள், இரண்டு ‘பி’ போட்டும் எழுதுகிறார்கள். இரண்டையும் தேட வேண்டும். தொழிலுக்கு நிட்வேர், ஹோசியரி, கார்மென்ட், அப்பேரல். தமிழில் பனியன், பின்னலாடை, ஆயத்த ஆடை. ஆளுக்குப் பெண் தொழிலாளர், மகளிர், இடம்பெயர்ந்த தொழிலாளர். விஷயம்தான் முக்கியம். ‘சமூகப் பொருளாதார நிலை’ என்பது தேடக்கூடிய விஷயமே இல்லை. கூலியா, பீஸ் ரேட்டா, ஓவர்டைமா, விடுதி வாழ்க்கையா, பி.எஃப். பிடித்தமா? ஒன்றைத் தேர்ந்தால்தான் தேடல் கூர்மையாகும். தேட உட்காரும்போதே தலைப்பு பாதி திருந்திவிடுவதை அப்போது கவனிக்கலாம்.

கட்டளைகள் நாலைந்து தெரிந்தால் போதும். சேர்ந்தே வர வேண்டிய சொற்களை இரட்டை மேற்கோள்குறிக்குள் வைப்பது. வேண்டாத சொல்லுக்கு முன்னால் இடைவெளி விடாமல் கழித்தல் குறி. மாற்றுச் சொற்களுக்கு நடுவே ஆங்கிலத்தில் ‘ஆர்’, இரண்டு எழுத்தும் பெரிய எழுத்தில். சின்ன எழுத்தில் அடித்தால் கூகுள் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளாது. ஒரே தளத்துக்குள் தேட ‘சைட்’, பிடிஎஃப் மட்டும் வேண்டுமென்றால் ‘ஃபைல்டைப்’, இரண்டுக்கும் பின்னால் முக்காற்புள்ளி. முக்காற்புள்ளிக்கு அடுத்து இடைவெளி விட்டுவிடுவதுதான் எல்லாரும் செய்யும் பிழை. விட்டால் கட்டளை வேலை செய்யாது, வேலை செய்யவில்லை என்பதும் தெரியாது.

ஆய்வுக் கட்டுரைகளுக்கென்றே உள்ள கூகுள் ஸ்காலரில் ஒரு நல்ல கட்டுரை அகப்பட்டால் அதன் கீழே, அதை மேற்கோள் காட்டிய கட்டுரைகள் என்று ஓர் எண்ணோடு இணைப்பு இருக்கும். அதை அழுத்தி, ‘மேற்கோள் காட்டியவற்றுக்குள் தேடு’ என்ற கட்டத்தைக் குறித்துவிட்டுத் திரும்பத் தேடுங்கள். 2004இல் வந்த ஒரு கட்டுரையிலிருந்து 2024 வரை அந்தப் பேச்சு எப்படிப் போயிற்று என்று பின்தொடர்ந்து போகலாம். கட்டுரையின் நூற்பட்டியல் பின்னோக்கி இழுக்கும், இந்த இணைப்பு முன்னோக்கி இழுக்கும். இரண்டு நல்ல கட்டுரை கையில் இருந்தால், புதிதாகச் சொல் போட்டுத் தேடுவதைவிட இந்த இரண்டு வழியில்தான் உருப்படியானவை கிடைக்கின்றன. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ஸ்காலர் தரம் பார்த்து வடிகட்டுவது கிடையாது. காசு வாங்கிக்கொண்டு எதையும் போடும் இதழ்களும் அங்கே வரிசையில் நிற்கும்.

புள்ளிவிவரம் தேடுவோருக்கு இன்னொரு பள்ளம். திருப்பூர் மாவட்டம் பிறந்ததே 2009இல், கோயம்புத்தூர், ஈரோடு மாவட்டப் பகுதிகளைப் பிரித்து. 2001 சென்சஸில் ‘திருப்பூர் மாவட்டம்’ என்று தேடினால் ஒன்றும் வராது. அன்று அது கோவை மாவட்டத்தில் ஒரு வட்டம். பத்தாண்டு ஒப்பீடு எழுதுகிறவர்கள் 2001இன் வட்ட எண்ணையும் 2011இன் மாவட்ட எண்ணையும் பக்கத்தில் வைத்து ‘அபார வளர்ச்சி’ கண்டுபிடித்துவிடுகிறார்கள். தேசியக் குடும்பநல ஆய்விலும் மாவட்டவாரி எண்கள் 2015-16இல் நடந்த நான்காம் சுற்றிலிருந்துதான் கிடைக்கின்றன. அதற்கு முன் மாநில அளவோடு சரி. எல்லை எப்போது மாறியது, அளவுகோல் எப்போது மாறியது என்று இரண்டு கேள்வியையும் ஒவ்வொரு அட்டவணைக்கும் போட்டுப் பாருங்கள்.

அலுவலகத்தில் மட்டும் இருக்கும் தகவலுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள் கெடு. ப்ராஜெக்ட் சமர்ப்பிக்கப் பதினைந்து நாள் இருக்கும்போது இது நினைவுக்கு வந்து பயனில்லை. தலைப்பு உறுதியான வாரத்திலேயே போட வேண்டிய மனு இது.

மூன்றாவது வாரம்

நூலகவியலில் கேரல் குல்தாவ் என்றொரு பெயர். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர். மாணவர்கள் தகவல் தேடும்போது என்ன செய்கிறார்கள் என்பதோடு என்ன உணர்கிறார்கள் என்பதையும் பின்தொடர்ந்து, தேடலை ஆறு கட்டமாகப் பிரித்தார்: தொடங்குதல், தலைப்பைத் தேர்தல், துழாவுதல், கோணம் உருவாதல், திரட்டுதல், எழுதிப் படைத்தல். அவர் கண்டதில் மிகப் பயனுள்ளது ஒன்று. தலைப்பைத் தேர்ந்ததும் ஒரு நிம்மதி வருகிறது. அடுத்த கட்டத்தில் துழாவத் துழாவ, தெளிவு கூடுவதற்குப் பதிலாகக் குழப்பம் கூடுகிறது. ஒரு கட்டுரை இன்னொன்றை மறுக்கிறது, சொற்கள் பொருந்தவில்லை, நம்பிக்கை சரிகிறது.

நம் மாணவர்கள் தலைப்பை மாற்றுவது சரியாக இந்த இடத்தில்தான், ஏறத்தாழ மூன்றாவது வாரத்தில். ‘மெட்டீரியல் கிடைக்கல சார்’ என்பார்கள். மெட்டீரியல் கிடைத்ததால் வந்த குழப்பம் அது. மாற்றினால் புதுத் தலைப்பிலும் அதே மூன்றாவது வாரம் வரும், நாள் மட்டும் குறைந்திருக்கும். அந்த வாரத்தில் செய்ய வேண்டியது, மேலும் பதிவிறக்குவதை நிறுத்திவிட்டு ஒரு முப்பது கட்டுரைச் சுருக்கங்களை மட்டும் படித்து, ஒவ்வொன்றுக்கும் ‘இவர் என்ன கேட்டார், யாரிடம் கேட்டார், என்ன கண்டார்’ என்று மூன்று வரி எழுதுவது. முப்பதில் எட்டுதான் முழுதாகப் படிக்கத் தேறும். கோணம் அந்த மூன்று வரிகளிலிருந்துதான் எழும். வழிகாட்டிக்கு இது தெரிந்திருந்தால் ‘இன்னும் நிறையப் படி’ என்று அந்த வாரத்தில் சொல்ல மாட்டார்.

பூட்டிய கட்டுரைகள்

நல்ல கட்டுரை என்று அழுத்தினால் 30, 40 டாலர் கேட்கிறது. இங்கே பலர் திரும்பிவிடுகிறார்கள். பூட்டு எல்லா நேரமும் உண்மையான பூட்டு இல்லை.

அரசு நடத்தும் கல்லூரி, பல்கலைக்கழகம் என்றால் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் இருக்க வாய்ப்புண்டு. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்து, 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய். இவ்வளவு பணம் கட்டிய கதவு திறந்திருப்பதே தெரியாமல் வாசலில் நிற்கிறவர்கள் ஏராளம். சுயநிதிக் கல்லூரிகள் இதன் முதல் கட்டத்தில் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தமிழ்நாட்டில் எத்தனை பேர் சுயநிதியில் படிக்கிறார்கள் என்று நினைத்தால் இது சின்னக் குறையில்லை. அவர்களுக்குக் காந்திநகரின் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் என்-லிஸ்ட் என்ற மின்னிதழ், மின்னூல் சேவை உண்டு, கல்லூரி ஆண்டுச் சந்தா கட்டியிருந்தால். பெயரைப் பட்டியலில் ஏற்ற வேண்டியவர் கல்லூரி நூலகர். கடவுச்சொல் மின்னஞ்சலில் வரும், பல சமயம் ஸ்பாம் பெட்டியில் கிடக்கும். நூலகங்களின் கூட்டு வலையமைப்பான டெல்நெட்டில் உறுப்பினராக உள்ள கல்லூரியானால் வேறு நூலகத்துப் புத்தகத்தையும் நூலகர் வழியாக இரவல் கேட்கலாம்.

இவை ஒன்றும் இல்லாதவருக்கும் சட்டப்படியான வழிகள் இருக்கின்றன. ஸ்காலரில் ‘எல்லாப் பதிப்புகளும்’ என்பதை அழுத்தினால் ஆசிரியர் தன் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் இலவசமாக வைத்த பிரதி அகப்படலாம். உலாவியில் அன்பேவால் நீட்சியைப் போட்டுக்கொண்டால் அதுவே அப்படிப்பட்ட பிரதியைத் தேடிப் பச்சைப் பூட்டைக் காட்டும். அதுவும் இல்லையென்றால் கட்டுரையாசிரியருக்கே நான்கு வரி மின்னஞ்சல்: யார், எங்கே படிக்கிறேன், எந்தக் கட்டுரை, எதற்கு. இதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை. கட்டுரை விற்கும் காசில் ஆசிரியருக்குப் பொதுவாகப் பங்கு கிடையாது. யாராவது படிக்கிறேன் என்றால் மகிழ்ச்சியாகவே அனுப்புவார்.

பிறகு ஷோத்கங்கா. 2009 யுஜிசி விதியை ஒட்டி வளர்ந்த, பிஎச்.டி. ஆய்வேடுகளின் திறந்த களஞ்சியம். இயல் இயலாகத் தனித்தனிப் பிடிஎஃப்பாக இருக்கும். எல்லாரும் நேராகப் போவது ‘முந்தைய ஆய்வுகள்’ இயலுக்கு, அங்கிருந்து நகல் எடுக்க. அந்த இயலைத் தேடல் பட்டியலாக மட்டும் பயன்படுத்த வேண்டும். மூல நூலைப் பார்க்காமல் மேற்கோளை மட்டும் அங்கிருந்து எடுத்தால், அந்த ஆய்வாளர் ஆண்டைத் தப்பாக அடித்திருந்தால் நீங்களும் தப்பாக அடிப்பீர்கள். மூன்று தலைமுறை ஆய்வேடுகளில் ஒரே எழுத்துப்பிழையோடு ஓர் ஆசிரியர் பெயர் பயணம் செய்வதை ஷோத்கங்காவிலேயே பார்க்கலாம். மூலம் கிடைக்கவே இல்லையென்றால் ‘இன்னார் எடுத்தாண்டபடி’ என்று எழுதுவது நேர்மை. யாரும் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள்.

மொழிச் சுவர்

தமிழ்வழியில் படித்தவருக்கு ஆங்கில ஆய்வுக்கட்டுரை ஒரு மலை. அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஏற வேண்டியதில்லை. சுருக்கம், பிறகு அட்டவணைகள், பிறகு முடிவுரை, பிறகு ஆய்வுமுறை, அறிமுகம் கடைசியில். அட்டவணைக்கு மொழி குறைவு, எண்ணே பேசிவிடும்.

மொழிபெயர்ப்புக் கருவியைப் பயன்படுத்தலாம், கலைச்சொற்களில் மட்டும் ஒரு கண் வேண்டும். புள்ளியியலில் ‘பாப்புலேஷன்’ என்பது ஆய்வுக்கு எடுத்த முழுத் தொகுதி. கருவி அதை ‘மக்கள்தொகை’ ஆக்கிவிடும். ‘சிக்னிஃபிகன்ட்’ என்பது தற்செயலாக நேர்ந்திருக்க வாய்ப்புக் குறைவு என்ற பொருளில் வரும். ‘குறிப்பிடத்தக்கது’ என்று மாறியதும் படிப்பவர் ‘பெரிய வித்தியாசம்’ என்று எடுத்துக்கொள்வார். பத்துப் பன்னிரண்டு சொல்லுக்கு ஒரு பட்டியல் கைப்பட எழுதி வைத்துக்கொண்டால் தொல்லை பாதி குறையும்.

தமிழிலேயே தேடுவது எளிதா என்றால் அங்கே வேறு சுவர். ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகளைத் தேடுபொறி தமிழாகவே காணாது. அதற்கு அவை பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். வருடிய புத்தகப் பக்கங்கள் வெறும் படங்கள். ஒருங்குறியில் இருந்தாலும் சொல் உருபேற்றுச் சந்தியோடு புணர்ந்து நிற்கும்: ‘தொழிலாளர்’ என்று மேற்கோள்குறிக்குள் தேடினால் ‘தொழிலாளர்களுக்கான’ தப்பிப்போகலாம். ஷோத்கங்காவில் பல தமிழ் ஆய்வேடுகளின் தலைப்பு ஆங்கில எழுத்தில் இருக்கிறது, ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில். அங்கே தலைப்புச் சொல்லை நம்பாமல் பல்கலைக்கழகம், துறை என்று இறங்கிப் பட்டியலைக் கண்ணால் மேய்வதே விரைவான வழி.

பழைய இதழ்களுக்கும் அரிய பதிப்புகளுக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து வெளியீடுகளுக்கு நூலகம் தளம். நேரில் போக முடிந்தவர்களுக்குச் சென்னைத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம், எழும்பூரில் கன்னிமாரா. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்பாளர்கள் புதுப் புத்தகப் பிரதி அனுப்ப வேண்டிய நூலகங்களில் கன்னிமாராவும் ஒன்று. கடையில் தீர்ந்துபோன புத்தகத்துக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

பக்கத்தை விட்டு வெளியே வருவது

ஒரு தளத்தை நம்பலாமா என்று எப்படித் தீர்மானிக்கிறோம்? வடிவமைப்பு, ‘எங்களைப் பற்றி’, முகவரி முடிவில் ‘ஆர்க்’ இருக்கிறதா என்பதைத்தான் பொதுவாகப் பார்க்கிறோம். ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் இதைச் சோதித்தார்கள். வரலாற்றாய்வாளர்கள் 10 பேர், தொழில்முறை உண்மை சரிபார்ப்பவர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 25 பேர். குழந்தை மருத்துவம் சார்ந்த இரண்டு அமைப்புகளின் பக்கங்களைக் காட்டினார்கள். ஒன்று பல்லாயிரம் மருத்துவர்களைக் கொண்ட பழைய சங்கம். மற்றது கொள்கை வேறுபாட்டால் பிரிந்துபோன சிறு குழு. மாணவர்களிலும் வரலாற்றாய்வாளர்களிலும் பலர் அந்தப் பக்கத்தையே மேலும் கீழும் படித்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் சில நொடியில் பக்கத்தை விட்டு வெளியேறி, புதுத் தாவல்களைத் திறந்து, அந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள்.

ஆகவே தெரியாத தளத்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல் படிக்கும் முன் அமைப்பின் பெயரைத் தனியாகத் தேடுங்கள். கழித்தல் குறி போட்டு அதன் சொந்தத் தளத்தை விலக்கிவிட்டால் இன்னும் நல்லது. ‘யுனெஸ்கோ அறிவித்தது’ என்றால் யுனெஸ்கோ தளத்துக்குள் தேடுங்கள். ‘உலகின் சிறந்த தேசியகீதம்’ என்று ஜன கண மனவை அது அறிவித்ததாகச் சுற்றிவரும் செய்திக்கு அங்கே தடயமே கிடையாது. விக்கிப்பீடியாவை மேற்கோள் காட்ட வேண்டாம், அடிக்குறிப்புகளை மேய்வதற்குப் பயன்படுத்துங்கள். தமிழ்க் கட்டுரையில் அடிக்குறிப்பு குறைவாக இருந்தால் அதே தலைப்பின் ஆங்கிலப் பக்கத்தைப் பாருங்கள்.

இதழ்களுக்கும் இதே முறை. ஐஎஸ்எஸ்என் எண் இருப்பது தரச்சான்று இல்லை; அது வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி, ஓட்டத் தெரியுமா என்று சொல்லாது. தரமான இதழ்கள் என்று தொகுத்த யுஜிசி-கேர் பட்டியலையே யுஜிசி 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. ‘கேர் லிஸ்டட்’ என்று இன்னும் விளம்பரம் செய்கிற இதழைக் கொஞ்சம் தள்ளி நின்றே பாருங்கள். மூன்று நாளில் ஏற்பு, யுபிஐயில் கட்டணம், பெயர் தெரியாத நிறுவனம் கொடுத்த ‘இம்பாக்ட் ஃபேக்டர்’, பொறியியலும் தமிழும் யோகாவும் ஒரே இதழில். இவற்றில் இரண்டு பொருந்தினாலே போதும். புகழ்பெற்ற இதழின் பெயரையும் எண்ணையும் திருடி நடத்தும் போலித் தளங்களும் உண்டு. அவற்றைப் பிடிக்க, ஐஎஸ்எஸ்என் தளத்தில் எண்ணைப் போட்டுப் பதிப்பாளர் பெயரும் ஊரும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

நல்ல இதழில் வந்த கட்டுரையும் பின்னால் திரும்பப் பெறப்படலாம். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப்போட்ட வேக்ஃபீல்டின் கட்டுரை 1998இல் லான்செட்டில் வந்தது, 12 குழந்தைகளை வைத்து. திரும்பப் பெற 2010 ஆயிற்று. சொட்டேரோவில் கட்டுரைகளைச் சேமித்தால், திரும்பப் பெற்றவற்றுக்கு அதுவே எச்சரிக்கை காட்டும். இலவச மென்பொருள், நூற்பட்டியலும் தானே போட்டுக்கொடுக்கும். எம்.ஏ. முதல் பருவத்திலேயே ஏன் கற்றுத்தருவதில்லை என்பது எனக்குப் புரியாத ஒன்று.

இல்லாத பாட்டு

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் தேடலின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டுவிட்டன. சொற்களுக்கு மாற்று கேட்க, கடினமான பத்தியை எளிதாக்க அவை நன்றாகவே உதவுகின்றன. ரெஃபரன்ஸ் கேட்டால்தான் ஆபத்து. உண்மையான ஆசிரியர், உண்மையான இதழ், உலகில் இல்லாத கட்டுரை என்று கலந்து கொடுக்கும். 2023இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் இப்படி இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள்.

சோதிப்பது எளிது. கட்டுரையின் நிரந்தர அடையாள எண்ணான டிஓஐ இருந்தால் டிஓஐ தளத்தில் போடுங்கள். வேறு கட்டுரை திறந்தால் சாயம் வெளுத்தது. இல்லையென்றால் தலைப்பை மேற்கோள்குறிக்குள் வைத்து ஸ்காலரில். தொகுதி எண்ணையும் ஆண்டையும் பொருத்திப் பாருங்கள். எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி 1966இல் முதல் தொகுதியோடு தொடங்கியது. ஆண்டிலிருந்து 1965ஐக் கழித்தால் தொகுதி எண். 2015 என்றால் 50. பட்டியலில் ‘2015, தொகுதி 43’ என்றிருந்தால் யாரோ கற்பனை செய்திருக்கிறார்கள்.

தமிழ் இலக்கிய மாணவர்களுக்கு இதைவிட நல்ல பொறிகள் இருக்கின்றன. புறநானூறு 400 பாட்டு, அதில் 267, 268 கிடைக்கவில்லை. நற்றிணையில் 234 இல்லை. இந்த எண்ணுக்கு அடிகளும் பொருளுரையும் வந்தால் அது இயந்திரம் கட்டிய பாட்டு. குறள் என்றால் அதிகாரத்துக்குப் பத்து. 391 என்றால் நாற்பதாம் அதிகாரத்தின் முதல் குறள், கல்வி. ‘எப்பொருள் எத்தன்மைத் தாயினும்’ 355, ‘எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்’ 423. பின்பாதி ஒன்றாக இருப்பதால் செயலியும் குழப்பும், மனிதரும் குழப்புவார். 423ஆம் குறளை 355 என்று எண்ணிட்டு முதல் பக்கத்தில் அச்சிட்ட ஆய்வேட்டை நினைத்துப் பாருங்கள்.

எழுத்துத் திருட்டுச் சோதனையின் சதவீதத்துக்கும் இங்கே ஒரு வார்த்தை. 2018 யுஜிசி விதிப்படி 10 சதவீதம் வரை ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை, 10 முதல் 40 வரை திருத்தி மறுபடி தர வேண்டும், 40 முதல் 60 வரை ஓராண்டு தடை, 60க்கு மேல் பதிவே ரத்து. மேற்கோள்குறியிட்டு ஆதாரம் காட்டிய பகுதியும் நூற்பட்டியலும் கணக்கில் வராது. இது தெரியாமல், மேற்கோளைக்கூடச் சொல் மாற்றிச் சிதைத்து 9 சதவீதத்துக்கு இறக்குகிறார்கள். மேற்கோள்குறிக்குள் அப்படியே வைத்திருந்தால் அந்த வேலையே இல்லை.

கேட்கத் தயங்குவது

1986இல் கான்ஸ்டன்ஸ் மெல்லன் என்ற ஆய்வாளர், ஏறத்தாழ 6,000 மாணவர்கள் நூலகத்தில் முதலில் தேடியபோது உணர்ந்ததை எழுதியதைப் பரிசீலித்தார். வகுப்புக்கு வகுப்பு 75 முதல் 85 சதவீதம் பேர் அதைப் பயமாகவே விவரித்திருந்தார்கள். ‘மற்ற எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை, கேட்டால் அது வெளியே தெரிந்துவிடும்.’ நம்மூரில் இதோடு, அலமாரிக்குள் விடாத நூலகம், சீட்டு எழுதிக் கொடுத்துக் காத்திருப்பது, ‘எந்த டிபார்ட்மென்ட், ஐடி கார்டு எங்கே’ என்ற முதல் கேள்வி எல்லாம் சேர்கின்றன. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்த மேசை ஓர் அரசு அலுவலகக் கவுன்டராகத்தான் தெரியும். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக வந்த சீர்காழிக்காரர் ரங்கநாதன் வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்று விதியே எழுதி வைத்தார். பல கல்லூரிகளில் அவர் படம் மாட்டியிருக்கும், நூலகர் பணியிடம் காலியாக இருக்கும்.

ஆள் இருக்கிற நூலகமானால், ‘திருப்பூர் பத்தி புக் இருக்கா மேடம்’ என்று கேட்டால் ‘அங்க பாருங்க’ என்றுதான் பதில் வரும். ஒரு தாளில் நான்கு வரி எழுதிக்கொண்டு போங்கள்: என் கேள்வி இது, இன்னின்ன சொல் போட்டுத் தேடினேன், இன்னின்ன இடத்தில் தேடினேன், இந்த மூன்று கட்டுரை கிடைத்தது, இது திறக்கவில்லை. திறக்காத கட்டுரையின் டிஓஐ எண்ணையும் எழுதியிருந்தால் அவர் உங்களை உட்கார வைத்துக் கணினியைத் திருப்புவார். காலை பதினொன்றுக்கு முன்னால் போவது நல்லது. பிற்பகலில் புத்தகம் திருப்பித் தருகிறவர்கள் வரிசை இருக்கும்.